போட்டோவைச் சரி பண்ணச் சொன்னாயே

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

வேலைக்கு அனுப்பும் போட்டோவை "கொஞ்சம் பிரைட் பண்ணுங்கப்பா" என்று அனுப்பியிருந்தாய். பார்த்தேன். அது ஏற்கெனவே பிரைட் பண்ணின படம். ஆப்பில் முகத்துக்கு மட்டும் வெளுப்பு ஏற்றியிருக்கிறாய். காது மடல் விட்டுப்போயிருக்கிறது. தாடைக்குக் கீழே ஒரு கோடு நிற்கிறது. என்னை மாதிரி ஸ்டுடியோக்காரனுக்கு முதலில் கண்ணில் படுவது காதுதான். ஏன் செய்தாய் என்று நான் கேட்கவில்லை. எப்படி எடுப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளைச் சுவரை விடு. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு ஆள் எது சுவர் எது என்று தெரியாது. எதிரே இருப்பதெல்லாம் 18 சதவீதச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் அளக்கும். பின்னால் வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். அந்த இருட்டை அப்புறம் ஆப்பில் தூக்கினால் நிழலில் புள்ளி புள்ளியாய் வந்து, தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். அது உன் நிறம் இல்லை பாப்பா. மீட்டர் அளந்தது தப்பு. நடுத்தரமான பழுப்பு, நீலம் ஏதாவது ஒரு சுவரைப் பார்த்து, அதிலிருந்து நாலடி முன்னால் தள்ளி உட்கார்.

வெயில் நேராக விழாத ஜன்னலாக இருக்கட்டும். அதற்கு மூன்றடியில், ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கும்படி உட்கார். மறுபக்கம் இரண்டடியில், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை. கிடைக்காவிட்டால் வெள்ளை பெட்ஷீட்டை நாற்காலி முதுகில் போடு. அறை விளக்கை அணைத்துவிடு, இல்லாவிட்டால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் வரும்.

பவுடர் கூடாது. கறுத்த தோலுக்கு வடிவம் கொடுப்பதே அதன் மினுமினுப்புதான். நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு மூன்றிலும் ஜன்னல் வெளிச்சம் மெல்லிய கோடாக வழுக்கி நிற்கும். பவுடர் அதை மூடிவிடும். வெளுப்பு ஏற்றினாலும் அதே கதைதான். தோல் வெளுக்க வெளுக்க அந்தக் கோட்டுக்கும் தோலுக்கும் வித்தியாசம் குறைந்து மூக்கு சப்பையாகிவிடும். உனக்கு ஆச்சி மூக்கு. அதைப் போய் சப்பையாக்கி வைத்திருக்கிறாய்.

போனில் பியூட்டி மோடு அணைந்திருக்கிறதா பார். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழு. எல்லோரும் மேலேதான் இழுப்பார்கள். கறுத்த முகத்தை மட்டும் வைத்து அளந்தால் அதையும் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், மூக்கு நுனி வெளிறி வெந்துபோகும். அதனால்தான் கீழே.

அங்கே ஜெர்மனியில், வேலையில் பாகுபாடு கூடாது என்ற 2006 சட்டத்துக்குப் பிறகு விண்ணப்பத்தில் போட்டோ வைத்தே ஆகவேண்டும் என்று இல்லை, பழக்கத்தில்தான் வைக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். அப்படியானால் கேட்காத இடத்துக்கு வைக்காதே. வைத்தால் உன் முகத்தை வை. இன்டர்வியூவுக்குப் போய் உட்காரப்போவது நீதானே? யார் தயவும் இல்லாமல் ஜெர்மனி வரை போனவள். பவுடர் வேண்டாம், மறந்துவிடாதே.

இந்த போட்டோத் தொழிலே வெள்ளை முகத்தை அளவாக வைத்து வந்ததுதான். பிரிண்ட் போடும் லேபில் கலர் சரிபார்க்க கோடாக் கொடுத்த அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். ஷெர்லி அட்டை என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. பல நிறத்துப் பெண்கள் இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. பழுப்பு சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் செய்ததில்தான் ஃபிலிமே கொஞ்சம் திருந்தியது. மனுஷனுக்காக இல்லை, சாக்லேட்டுக்காக. கறுத்த முகத்தை எடுக்கத் தெரியாமலும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியில் கறுப்பர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ்புக் என்ற அடையாளப் புத்தகத்துக்குப் படம் எடுத்த போலராய்டு கேமராவில், பிளாஷைக் கூட்ட என்றே பின்னால் ஒரு பட்டன் இருந்தது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த கறுப்பர்களே 1970இல் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1977இல் கம்பெனி அந்த நாட்டை விட்டு வெளியேறியது.

அவர்களைச் சொல்லி என்ன. கறுப்பு வெள்ளைக் காலத்தில் நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சில் ஓட்டுவோம். நெகட்டிவில் கறுக்கிற இடம் பிரிண்டில் வெளுக்கும். கல்யாணப் பெண் என்றால் யாரும் கேட்காமலே ஓட்டுவோம். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, காது, கழுத்து, விரல் என்று ஒன்று விடாமல் தனித்தனியாகக் குறித்து வெளுப்பு ஏற்றினோம்.

விராலிமலைக்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, அந்தம்மா கையில் இருந்த போட்டோவையும் உன்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்களே. காபி டம்ளரைக் கீழே வைக்காமல் நீ நின்றாயே. லேபில் பிரிண்ட் தப்பாகிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னேன். லேபில் ஒன்றும் தப்பாகவில்லை. ராத்திரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து அதை வெளுத்தது நான்தான். நீ கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று அத்தை சொன்னபோது, "அந்த 'இருந்தாலும்' எதுக்கு?" என்று சண்டை போட்டவள் நீ. காதை மட்டும் விட்டுவிடக்கூடாது என்று உன் பத்தாம் வகுப்பிலேயே உனக்கு மவுஸ் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

புதுசாக எடுத்து எதுவும் செய்யாமல் அனுப்பு. வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாதே, அமுக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பு. கழுத்துக்குக் கீழே வெட்டுவது தவிர நான் எதையும் தொடமாட்டேன்.

நாலு மாசமாய் கேமராவை அணைத்துவிட்டே பேசுகிறாய். நெட் சரியில்லை என்கிறாய், சரி. ஞாயிற்றுக்கிழமை அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போன் போடு. வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்பா