கை நனைப்பதற்கு முன்

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே அனைவரும் நலம். போனிலேயே சொல்லியிருப்பேன். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி பேசுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு இதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதே.

ராஜபாளையத்துக்காரர்கள் கார்த்திகை பிறந்ததும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெண் நூற்பாலை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். நல்ல இடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் எனக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பார்த்தார்கள். 7.2 வந்தது. முந்தைய தடவை 8.1. மாத்திரை அதேதான், அளவும் அதேதான். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் முடித்துவிடுகிறேன், சாப்பிட்ட கையோடு ரயில்வே கேட் வரை நடக்கிறேன், அவ்வளவுதான் மாற்றம். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். பத்து மணிக்கு மூன்று பரோட்டா வேண்டாம் என்று கையைப் பிடிக்க எந்த அரசாங்கமும் ஆள் அனுப்பாது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்தும் இந்தச் சராசரியை ஏமாற்ற முடியாது. மூன்று மாதத்துக் கணக்கும் ரத்தத்தில் இருக்கிறது.

உன் வேலையைக் குறை சொல்லவில்லை. மாடி கட்டியது உன் சம்பளத்தில்தான் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் நடுராத்திரி இரண்டு மணிக்குப் பிரியாணி தின்பதை எப்படிச் சாப்பாடு என்பது? மத்தியானம் சாப்பிட்டால் ஏறுவதைவிட அந்த நேரத்தில் கூடுதலாக ஏறும். இன்சுலின் அப்போது சுணங்கித்தான் வேலை செய்யும் என்று டாக்டர் சொன்னார். தூக்கம் கெட்டாலும் ஏறும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு மறுகினாலும் ஏறும், கல்லீரலில் இருக்கும் சர்க்கரை ரத்தத்துக்கு வந்துவிடுமாம். அதற்கு ஒரு வாய் சோறுகூட உள்ளே போக வேண்டியதில்லை. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அறையில் இருக்கும் பையன்கள் யாருக்காவது இருந்தால் இதைச் சொல். இப்போதெல்லாம் முப்பது வயதிலேயே வந்துவிடுகிறது. சீட்டில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருப்பார்கள். பகலெல்லாம் தூங்குகிறவனுக்கு எது காலை, எது இரவு? வேலை நேரத்தை டாக்டரிடம் சொல்லித்தான் கேட்க வேண்டும். மாத்திரை மெட்பார்மின் மட்டும் என்றால் சர்க்கரை பெரும்பாலும் தாழ்ந்துவிடாது. கிளிமெபிரைடு அப்படி இல்லை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

என்னோடு தென்காசி வண்டி ஓட்டிய டிரைவரை நினைவிருக்கிறதா? உனக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக் கொடுத்துவிடுவாரே, அவர்தான். சர்க்கரை என்று தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று டிப்போவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாத்திரையை விபூதிப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் வைத்திருப்பார். ஒரு நாள் வண்டி தாமதம், காலைச் சாப்பாடு இல்லை. கிருஷ்ணன்கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். டீக்கடையிலிருந்து சீனியை அள்ளிக்கொண்டு வந்து வாயில் போட்டேன். வண்டி நிறைய ஜனம். அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். தெரிந்ததால் என்ன குடி முழுகிவிட்டது? டிப்போ டாக்டரிடம் போய் மருந்தை மாற்றிக்கொண்டார், சாப்பாட்டு நேரத்துக்கு வண்டி நின்றது, என் டிக்கெட் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் சேர்ந்தது. அதன் பிறகுதான் அவருக்குச் சர்க்கரை அடங்கியது. மறைக்கிறவன் பசித்த நேரத்தில் எழுந்து போக முடியாது. நீட்டுகிற லட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது. நாலு பேர் முன்னால் மாத்திரை போட முடியாது. பிறகு மருந்து என்ன செய்யும்?

தீபாவளியன்று அம்மா வைத்த அதிரசத்தைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாய். கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டுப் பொடியன் அதைத் தின்றுகொண்டிருந்தான். சாப்பிட்டதும் மாடியில் அரை மணி நேரம் நடந்தாய். நல்ல பழக்கம். நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

பெரியத்தையின் கால் விஷயத்தை மறுபடியும் எழுத வேண்டாம். வீட்டு விசேஷம் எதுவானாலும் கடைசிப் பந்தி வரை பரிமாறிவிட்டு, நாலு மணிக்கு மீந்த சோற்றையும் பாயசத்தையும் தின்பாள். ‘எனக்கு இருக்கிறது, முதலில் உட்காருகிறேன்’ என்று அவள் சொல்லியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? தினமும் படுக்கும் முன் பாதத்தை விரல் இடுக்கு வரை பார்த்துக்கொள்வது நல்லது. எல்லாருக்கும் நல்லது.

எனக்கு அரைத்த கேழ்வரகு மாவில் பாதியை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குக் காரணம் தெரியாது. கூழாகக் கரைத்துக் குடிக்காதே, சீக்கிரம் ஏறிவிடும். அடையாகச் சுட்டு, முருங்கைக் கீரை போட்டு, இரண்டோடு நிறுத்திக்கொள். கேழ்வரகு என்பதற்காக ஆறு தின்றால் அரிசியைவிட என்ன லாபம்?

2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு வந்தபோது நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அதில் ராஜபாளையம் மட்டும் விட்டுப்போயிருக்குமா? பெண்ணின் தாய்மாமன் இங்கே ஜாதகம் கொடுக்க வந்தபோது கடையில் ‘சீனி இல்லாமல்’ என்று மெதுவாகச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

அவர்கள் வந்துபோன பின் நாம் போக வேண்டும். அங்கே கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. சொல்ல வேண்டியது எதுவானாலும் அதற்கு முன் சொல்லிவிட வேண்டும். எனக்கு இருக்கிறது, என் அக்காவுக்கு இருந்தது என்பதை அவர்கள் இங்கே வரும்போதே நான் சொல்லிவிடப் போகிறேன். அம்மா என்னை முறைப்பாள், முறைக்கட்டும். மற்றதைத் தரகர் வாயில் போக விடாதே. அந்தப் பெண்ணிடம் நீயே பேசு. அதனால் கலைகிற சம்பந்தம் கலையட்டும். கல்யாணத்துக்குப் பிறகு பாத்ரூமில் ஒளிந்து மாத்திரை போடுகிற வாழ்க்கை என் மகனுக்கு வேண்டாம்.

எழுதிவிட்டேன். அறைத் தோழன், நண்பன் என்றெல்லாம் எத்தனை வரி சுற்றுவது?

அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாள் அழுவாள், மறுநாள் வெந்தயம் ஊறவைக்க ஆரம்பித்துவிடுவாள். வெந்தயத்தை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று எனக்கு அனுப்பு. எண் மட்டும் போதும், விளக்கம் வேண்டாம். என் போனுக்கு அனுப்பு, அம்மா போனுக்கு அனுப்பிவிடாதே. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா
திருமங்கலம்