கூரையிடம் டிக்கெட் கேட்டவருக்கும் மற்ற நடத்துனர்களுக்கும்

கடலூர் – புதுச்சேரி தடத்தில் ஓடும் பேருந்துகளின் நடத்துனர் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். 2007இலிருந்து நான் உங்கள் வண்டிகளில் போய்வருகிறேன். காலை எட்டு மணிவாக்கில் மஞ்சக்குப்பத்தில் ஏறி, புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு இரவு திரும்புகிறவன். பெயர் சொன்னால் தெரியாது. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிற கண்ணாடிக்காரர் என்றால் உங்களில் சிலருக்குத் தெரியும்.

கட்டணம், கூட்டம், நிறுத்தத்தில் நிற்காமல் போவது எல்லாவற்றையும் பற்றிப் புகார் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். வண்டியில் போடுகிற பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு நீங்கள் பேசுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வண்டி மறுபடி ஓடத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை. சாலை ஓரமெல்லாம் சாய்ந்த மரங்கள். பேருந்து நிறைய ஆட்கள், ஆனால் ஒரு பேச்சு இல்லை. ரெட்டிச்சாவடியில் ஏறிய ஓர் அம்மா டிக்கெட்டுக்குக் காசு நீட்டியபடியே நடத்துனரிடம் கேட்டார்: "தம்பி, எங்க வீட்டுக் கூரை இந்தப் பக்கமா பாண்டிக்குப் போச்சே, பாத்தியா?"

நடத்துனர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "பாத்தேம்மா. டிக்கெட் கேட்டேன். பாஸ் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

ஒரு நொடி யாரும் சிரிக்கவில்லை. முதலில் சிரித்தது அந்த அம்மாதான். அப்புறம் வண்டியே சிரித்தது. அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்த ஒருவர் திரும்பி, "நம்ம முந்திரித் தோப்பும் போச்சு, அதுக்கு என்ன பாஸ்?" என்றார். பண்ருட்டிப் பக்கத்துக்காரர். அவ்வளவுதான், அரியாங்குப்பம் வருவதற்குள் யார் வீட்டில் எது போனது என்று வண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் எனக்கு ஒரு தார்ப்பாய்க்காரரின் எண்ணைக் கொடுத்தார். "என்ன ஆச்சு?" என்று யாராவது இரக்கத்தோடு கேட்டிருந்தால் அந்தப் பேச்சு தொடங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

ராபர்ட் புரோவைன் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். அவரும் அவருடைய மாணவர்களும் பொது இடங்களில் ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்தார்கள். அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை நூற்றுக்கு இருபதைக்கூடத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பார்ப்போம்" மாதிரியான வெறும் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனிதர் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார் என்பதும் அவர் கண்டதுதான். ஆக, நீங்கள் பெரிய ஜோக் எதுவும் தயாரித்து வர வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் போதும்.

மரப்பாலத்தில் வண்டி அசையாமல் கிடந்த ஒரு நாள். "பஸ் ஸ்டாண்டு போக எவ்ளோ நேரமாகும்?" என்று ஒரு பெரியவர் கேட்க, "எறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம், என்ன பண்றது, டிக்கெட் வாங்கிட்டீங்களே" என்றார் உங்களில் ஒருவர். பெரியவர் கையை நீட்டினார்: "அப்ப காசைக் குடு, நடக்கறேன்." நின்றுகொண்டு வந்த எனக்கு அன்றைக்கு முட்டி வலி தெரியவில்லை. இதுவும் என் கற்பனை இல்லை. சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்கள் வலியைக் கூடுதல் நேரம் பொறுக்கிறார்கள் என்று ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழுவினர் 2011இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஏறியதும் காதைப் பிளக்கிறது பாட்டு. அதிலிருந்து தப்பிக்கப் பாதிப் பேர் தங்கள் காதில் வேறு பாட்டை மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் விரலால் எத்தனை டிக்கெட் என்று கேட்கிறீர்கள், நாங்களும் விரலால் சொல்கிறோம். இரவில் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பாண்டிச் சரக்கு இருக்கிறதா என்று பைகளைத் தடவிப் பார்க்கும்போது மட்டும் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். ஒன்றும் வாங்காதவர்தான் அதிகம் வியர்க்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயம். மீன் கூடையோடு ஏறிய ஒரு அக்காவைப் பார்த்து, "சென்ட் அடிச்சவங்க எல்லாம் பின்னாடி போங்க" என்று உங்களில் ஒருவர் சொன்னார். வண்டி சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அக்காவும் சிரித்தார், அதனால் தப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த நேர வண்டியில் அவரைப் பார்க்கவில்லை.

தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சி, எட்டில் முதலில் வைப்பது நகையை, சிரிப்பைத்தான். அது பிறக்கும் இடங்கள் எள்ளல் என்னும் கேலி, இளமை, பேதைமை, மடன் என்று நான்கு. அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் கொண்ட பழைய உரைகாரர், பிறரை எள்ளிச் சிரிப்பதோடு, எள்ளப்பட்டவர் தானே சிரிப்பதையும் எள்ளலில் சேர்க்கிறார். இதைப் படித்த அன்று எனக்கு அந்த மீன்கார அக்காவின் சிரிப்புதான் கண்முன் வந்தது.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் யாரைக் கிண்டல் செய்வான்? கிரீடம் வைத்துக்கொண்டு கர்ஜிக்கிற துரியோதனனை. அப்புறம் தன்னையே. உங்கள் வண்டியில் துரியோதனனுக்கு என்ன பஞ்சம்? ஐந்நூறு ரூபாய் நோட்டோடு நானே ஏறுகிறேன்.

நாள் முழுக்க நின்றே வேலை, கலெக்‌ஷன் கணக்கு, சில்லறைச் சண்டை, இதற்கு நடுவே சிரிப்புக் காட்ட வேறு சொல்கிறானே என்று தோன்றும். எல்லா நடைக்கும் கேட்கவில்லை. காலை எட்டு மணி சிங்கிளுக்கு மட்டும், கன்னியக்கோயில் தாண்டும்வரையாவது, அந்தப் பெட்டியை அணைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் நிற்பேன். சில்லறை இருக்காது. வழக்கமாகத் திட்டுவதைவிடக் கொஞ்சம் நன்றாகத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரர்