எடைக்குப் போன மருத்துவ நூலகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கொங்கு மண்டலத்து மருத்துவமனை ஒன்றில் 26 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற மாதம் அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, நூலகத்தைக் காலி செய்கிறார்கள்" என்றார். ஈரோட்டில் பஸ் ஏறி நான் போய்ச் சேர்வதற்குள் வாசலில் தராசு வைத்தாகிவிட்டது. காலிகோ துணி ஒட்டி நான் பைண்டு செய்வித்த தொகுதிகளின் அட்டைகளை ஒரு பையன் பிய்த்துப் பிய்த்து ஓரமாக எறிந்துகொண்டிருந்தான். அட்டையோடு போட்டால் கடைக்காரர் விலையைக் குறைப்பாராம்.

குவியலில் இந்திய மருத்துவச் சங்க இதழின் பழைய தொகுதிகள் கிடந்தன. 1951 கிடைத்தது, 1954 கிடைத்தது. 1953ஐக் காணவில்லை. அந்த ஒரு வருடத்தை மண்டியிட்டுத் தேடினேன்.

விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் ஏலம் போகும் ஊர் எங்களுடையது. காயத்தில் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போடுவது என் அமுச்சிக்கு அவருடைய அமுச்சி சொல்லிக் கொடுத்தது. அதற்கே 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதை எதிர்த்தபோது பாட்டி வைத்தியம் என்று வாயால் சொன்னால் போதவில்லை. எழுத்தில் சான்று வேண்டியிருந்தது. பழைய நூல்களோடு, இதே மருத்துவச் சங்க இதழில் 1953இல் வந்த ஒரு கட்டுரையையும் எடுத்து வைத்தார்கள். 1997இல் காப்புரிமை ரத்தானது. 40 ஆண்டுகளுக்கு மேல் யாரும் தேடாத தொகுதியை எங்கோ ஒரு நூலகத்தில் தூசி தட்டி வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

"எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்றார் அங்கிருந்த அதிகாரி. சில இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவின் பிளேக், அம்மை குத்துதல் பற்றிய அறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து எவரும் படிக்கத் தந்திருக்கிறது. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அந்த நோயைப் பற்றி அன்றைய அரசு எழுதியதைப் படிக்க நாம் எடின்பரோவிலுள்ள அந்த நூலகத்தின் கதவைத் தட்டுகிறோம். அவர்கள் காகிதத்தை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் ஸ்கேன் செய்ய முடிந்தது.

அதே குவியலில், மருந்து கலந்து கொடுக்கும் ஒரு கம்பவுண்டரின் நோட்டும் இருந்தது. எந்த மருந்துக் கலவையில் எது எத்தனை அவுன்ஸ், வேளைக்கான அளவு காட்டப் பாட்டிலில் ஒட்டும் காகிதத்தை எத்தனை வேளைக்கு வெட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஓரங்களில் பென்சிலால், "பணம் அறுவடைக்குப் பின்". இது எந்த நாட்டு இணையத்தில் கிடைக்கும்? கேட்டு வாங்கி வந்துவிட்டேன். வார்டுப் பதிவேடுகளைக் காப்பாற்ற முடியவில்லை.

உள்நோயாளிக் குறிப்புகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. நான் பார்த்தவரை, நான்காம் ஆண்டில் கோணிப்பை வந்துவிடுகிறது. நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பெயர் தெரியும் ஏடுகளை இத்தனை ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று பூட்டி வைப்பது ஆவணக் காப்பகங்களில் உள்ள வழக்கம்தான். பழைய பேப்பர்க் கடையில் அந்தப் பக்கங்கள் பொட்டலம் மடிக்கப் போவதைவிடவா அது அந்தரங்கத்துக்குக் கேடு?

கோவையில் தந்தை பெரியார் பெயரிலான பெரிய நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதில் கொங்கு மண்டல மருத்துவ வரலாற்றுக்கு ஓர் அறை ஒதுக்குமாறு அரசைக் கேட்கிறேன். எந்த மருத்துவமனையும் பழைய நூல்களைக் கழிக்கும் முன் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு பட்டியல் அனுப்பட்டும். ஒரு நூலகர் நேரில் வந்து பார்க்கட்டும். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்கள்தானே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நின்றன? பெருந்துறை காசநோய் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தவர்களின் கடிதங்கள், மாட்டு வைத்தியர் வீட்டு வாகடச் சுவடிகள் எல்லாம் இங்கே யார் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ! கொண்டுவந்து கொடுக்க ஓர் இடம் இருந்தால் கொடுப்பார்கள்.

நான் மீட்ட 11 தொகுதிகளும் அந்த நோட்டும் என் வீட்டு முன்னறையில், பூச்சி அண்டாமல் இருக்கப் போட்ட வசம்புத் துணுக்குகளுக்கு நடுவே இருக்கின்றன. அறை தயாரானால் நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். 1953ஆம் ஆண்டுத் தொகுதிக்காகக் கருங்கல்பாளையம் பழைய பேப்பர்க் கடைகளில் விசாரித்து வருகிறேன். பச்சை அட்டை, முதுகில் வெள்ளை மையில் வருடம் எழுதியிருக்கும். எந்தக் கடைக்காரரிடமாவது பிரிக்காமல் இருந்தால், தயவுசெய்து அதை மில்லுக்கு அனுப்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை நூலகர்,
சூரம்பட்டி, ஈரோடு.