நாலில் ஒரு பங்கை வெட்டிவிட்டு 'அசல்' என்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகத் தொடங்கியிருக்கும் இசை வீடியோ செயலியைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், 'ஐம்பது, அறுபதுகளின் பாடல்களும் அசல் 4கே தரத்தில்' என்று ஒரு வரி. நிறுவனத்தின் விளம்பரமாக இருந்தால் விட்டுவிடலாம். உங்கள் நிருபரின் எழுத்தாகவே வந்திருக்கிறது. அந்த 'அசல்' என்ற சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை.

அங்கே உள்ள கறுப்பு வெள்ளைப் பாடல்களில் பெரும்பாலானவை கேமராவில் ஓடிய மூல பிலிமான நெகட்டிவிலிருந்து எடுத்தவை அல்ல. தொலைக்காட்சிக்காக எப்போதோ வீடியோ டேப்பில் ஏற்றிய பிரதிகள். டேப்பின் படம் 720க்கு 576 புள்ளி. 4கே என்பது 3840க்கு 2160. பெருக்கிப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. அதாவது திரையில் தெரியும் 20 புள்ளிகளில் 19 கணினி ஊகித்துப் போட்டவை. அதனால்தான் முகமெல்லாம் மெழுகு பூசியது போல வழவழக்கிறது. சேலைச் சரிகை ஒரே பட்டையாகத் திரண்டுபோகிறது. பின்னால் தெரியும் கடைப் பலகையின் தமிழ் எழுத்து எந்த மொழியிலும் சேராத கிறுக்கலாகிறது.

டேப்பா, பிலிமா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நாயகி சட்டென்று திரும்பும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். முகத்தின் ஓரம் சீப்புப் பல் போலப் பிளந்து தெரிந்தால் அது டேப். இன்னொரு சோதனை சுருதி. சினிமா விநாடிக்கு 24 படம், நம் தொலைக்காட்சி 25. டேப்பில் ஏற்றும்போது அந்த வேகத்துக்கே ஓட்டிவிடுவார்கள். 4 நிமிடம் 30 விநாடிப் பாட்டு 11 விநாடி முன்னதாக முடியும். சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பாடகியின் குரல் கீச்சென்று கேட்பதற்குக் காரணம் அதுதான், அவர் தொண்டை அல்ல. படத்தையும் ஒலியையும் ஒருசேர 24க்கு இறக்கினால் சரியாகிவிடும். பணம் செலவாகாத வேலை. அதைக்கூடச் செய்யவில்லை.

அகலத்திரைக்காகச் செய்திருக்கும் வெட்டு இதைவிடக் கொடுமை. 4க்கு 3 அளவுள்ள படத்தை 16க்கு 9 ஆக்கினால் மேலும் கீழுமாக நாலில் ஒரு பங்கு போய்விடும். நாட்டியப் பாடலில் அரைமண்டியில் அமர்ந்து தட்டும்போது சட்டகம் கெண்டைக்காலோடு முடிந்துவிடுகிறது. சலங்கை ஒலிக்கிறது, பாதத்தைக் காணோம். சினிமாஸ்கோப் படமென்றால் பக்கவாட்டில் அதே அளவு வெட்டு. டூயட்டில் ஒருவர் தோள் மட்டும் மிஞ்சும்.

ஒழுங்காகச் செய்வதென்றால் நெகட்டிவைத் தேட வேண்டும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அடிப்பொருளான அசிடேட் அழியத் தொடங்கிவிட்டது, தாமதிக்கக் கூடாது. துளைகளையும் ஒட்டுகளையும் சரிசெய்து, கழுவி, ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்ய வேண்டும். மேலே சொன்ன ஒரு பாட்டுக்கே 6,480 படம். 2019 ஜூனில் யூடியூபும் யுனிவர்சல் மியூசிக் குழுமமும் ஏறக்குறைய 1,000 பழைய இசை வீடியோக்களைப் புதுப்பிப்பதாக அறிவித்தபோது சொன்னது 4கேக்குக் கீழே உள்ள எச்டி தரம்தான். அவ்வளவு பெரிய நிறுவனங்களே அளந்து பேசியதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

பாடலாசிரியர் பெயரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். செயலியில் நடிகர் பெயர், படம், ஒலிநாடா நிறுவனம் எல்லாம் இருக்கிறது. பாடலாசிரியர் என்ற இடம் காலி. இருக்கும் இடங்களிலும் ஒரே கவிஞர் நாலு ஆங்கில எழுத்துக்கூட்டலில் நாலு பேராகக் கிடக்கிறார். இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 2012 பதிப்புரிமைத் திருத்தம் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டிப் பங்கைக் கொடுத்தது. ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாள எண் ஒன்று, பாட்டு என்ற படைப்புக்குத் தனி எண் ஒன்று. இரண்டும் இணையாவிட்டால், பெயரும் இல்லாவிட்டால், அந்தப் பணம் எழுதியவர் குடும்பத்தை எப்படிப் போய்ச் சேரும்?

தங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை என்பதால்தான் வருத்தம் அதிகம். டிவிடி வந்த காலத்தில் அட்டையில் இருந்த 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்ற வார்த்தையை அப்படியே அச்சிட்டீர்கள். வண்ணமேற்றிய படங்கள் வந்தபோதும் அதேதான். அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. உங்கள் வாராந்தரப் பழைய பாடல் பகுதியில் இன்றுவரை நடிகர் படமும் பெயரும்தான் வருகின்றன.

நான் கேட்பது இரண்டே. அடுத்த இதழில் 'அசல் 4கே' என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி இப்படி ஒரு சேவை தொடங்கும்போது, 'எதிலிருந்து எடுத்தீர்கள், நெகட்டிவா, பிரிண்டா, டேப்பா?' என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் செய்தியோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பிலிம் பிரதிப் புதுப்பிப்புப் பணியில் இருப்பவர்,
சென்னை.