ஜெபக்குழுக்களை நடத்துகிறவர்களுக்கு, கடைசி வரிசையிலிருந்து

அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஜெபக்குழுத் தலைவர்களுக்கும் தோத்திரம்.

என் மகன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பத்தொன்பது நாட்களும் நான் ஜெபிக்கவில்லை. முழங்கால் படியிட்டால் "கர்த்தாவே" என்பதோடு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்கும் சேர்த்து ஜெபித்தது என் குழுதான்.

மூத்த சகோதரி ஒருவர் தினமும் மருத்துவமனைக்கு வருவார். மூட்டுவலிக்காரர் என்பதால் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜெபிப்பார். ஒருநாள் பெயர்களை மாற்றிப்போட்டு, கட்டிலில் கிடக்கும் மருத்துவருக்காகவும் அவருக்கு வைத்தியம் பார்க்கும் என் பத்து வயது மகனின் கைகளுக்காகவும் உருகி உருகி மன்றாடினார். மூடிய கண்களோடு சிரித்துவிட்டேன். இரண்டு வாரங்களில் அதுதான் முதல் சிரிப்பு. ஆமென் சொன்னதும் பையிலிருந்து சீப்பை எடுத்து, சிக்குப் பிடித்திருந்த என் தலையை வாரிவிட்டார். அதுவும் அந்த ஜெபத்தில் சேர்ந்ததுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கிய சம்பவத்தில், இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார். படுத்திருந்தவன் வாய் திறந்ததாக ஒரு வரிகூட இல்லை. அந்தப் படுக்கையில் நான் கிடந்திருக்கிறேன்.

ஒளிந்திருக்கும் பாவம் ஏதாவது உண்டா என்று என்னிடம் விசாரித்தவர்களும் வந்தார்கள். ஒருவன் குருடனாகப் பிறந்ததற்கு யாருடைய பாவமும் காரணமல்ல என்று இயேசு சொன்ன யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை அவர்கள் இன்னொருமுறை வாசிக்கட்டும். அவர்களைப் பற்றி வேறு பேச்சு வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறு. என் மகன் வீடு திரும்பினான். ஜெபம் கேட்கப்பட்டது என்று கூட்டத்தில் எழுந்து நான் சாட்சி சொன்னேன், எல்லாரும் கைதட்டினார்கள். அதே மாதம், அதே குழு, அதே கண்ணீரோடு ஜெபித்த இன்னொரு தாயின் மகள் இறந்துபோனாள். நான் சாட்சி சொன்ன அன்று அந்தத் தாயும் அறையில் இருந்தார். கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்து போய்விட்டார். அதன்பின் வரவில்லை. அவர் பெயர் ஜெபக் குறிப்புகளிலிருந்தும் எப்போதோ விழுந்துவிட்டது. முதலில் கவனித்திருக்க வேண்டியவள் நான். ஐந்து மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து வெளியே வந்து, தனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். நாம் விரும்பிப் பிரசங்கிக்கும் பகுதி அது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யோவானின் சகோதரன் யாக்கோபு வாளால் கொல்லப்படுகிறார். அவருக்காக ஜெபித்தவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? பேதுரு வந்து தட்டிய வீட்டுக்குள் யாக்கோபுக்காக அழுதுகொண்டிருந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்களும் அந்த இரவில் ஜெபித்தார்கள். நம் கூட்டங்களில் அவர்களுக்கு இடம் எங்கே?

சாட்சி நேரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டது கிடைக்காதவர்களும் எழுந்து, "கிடைக்கவில்லை, இன்னும் வலிக்கிறது" என்று சொல்ல அதே கூட்டத்தில் நேரம் கொடுங்கள். சொல்லி முடித்ததும் அவசரப்பட்டு வசனம் எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை இழந்து துக்கத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் அவரோடு ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

அந்தத் தாயின் வீட்டுக்கு நாளை மாலை போகிறேன். சீப்பு வைத்திருக்கும் சகோதரியும் வருகிறார். உங்களில் ஒருவர் கூட வந்தால் நல்லது.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரி