முதலில் பூச்சு, பிறகு துரு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் திருநெல்வேலியிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய். பார்வை தெளிந்துவிட்டதா என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. நான் நலம். மில் வேலை போன பிறகு காலைப் பொழுது முழுவதும் வண்டிகளோடுதான் போகிறது.

அப்பாவின் புல்லட் விஷயத்துக்கு வருகிறேன். ஆசிட் ஊற்றிக் கழுவி, மறுபடியும் உள்பூச்சு அடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் அதன் பெட்ரோல் டேங்கைத் தயவுசெய்து கொடுத்துவிடாதே. உள்ளே ஏற்கெனவே ஒரு பழைய பூச்சு இருக்கிறது என்கிறாய். அது அங்கங்கே உரிந்து தொங்குகிறது, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்கிறாய். அப்படியானால் பூச்சுக்கு அடியிலும் துரு ஓடியிருக்கும். மேலே எந்த ஆசிட்டை ஊற்றினாலும் அந்தப் படலத்தைத் தாண்டி அது போகாது. திறந்து கிடக்கும் இரும்பைத்தான் அரிக்கும். அதன் மேல் புதுப் பூச்சு அடித்தால் அதுவும் பழையதோடு சேர்ந்து உரியும்.

இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துப் பூச்சுகள் பலவற்றை இளக்கியும் விடும். இத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருந்தது இப்போது உரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் வேலை, அது என்ன பூச்சு என்று தெரிந்துகொள்வது. உரிந்த துண்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி ஓர் இரவு மூடி வை. காலையில் ஊதிக் கொழகொழவென்று ஆகியிருந்தால் உனக்குப் பாதி வேலை முடிந்தது. அப்படியே கெட்டியாக இருந்தால் அது பெரும்பாலும் எபாக்ஸி என்ற கெட்டிப் பிசின். அதற்குப் பெயிண்ட் ரிமூவர்தான் வேண்டும். மெத்திலின் குளோரைடு சேர்ந்த ரிமூவர் என்றால் மிகவும் எச்சரிக்கையாக இரு. அதன் ஆவி மூச்சில் போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். மொட்டை மாடியில், காற்று வீசும் பக்கம் முதுகு காட்டி நின்றுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

போன மழைக்காலத்தில் என் யெஸ்டி பைக்கின் டேங்கில் அசிட்டோனே போதுமானதாக இருந்தது. பெட்ரோலைத் திறந்து மூடும் காக் இருந்த துளையைப் போல்ட்டும் செம்பு வாஷரும் வைத்து அடைத்தேன்; ரப்பர் அடைப்பானை அசிட்டோன் ஊத வைத்துவிடும். இரண்டு லிட்டர் ஊற்றி, வாயைப் பாலிதீன் தாளால் மூடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு பக்கமாகப் புரட்டி வைத்தேன். ஊறிய பிறகு வளைந்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால், காய்ச்சிய பாலின் மேல் ஆடை மடிந்து வருகிற மாதிரி ஒரே படலமாக வந்தது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரும்போடு ஒட்டியிருந்த பக்கம் முழுவதும் செம்மண் நிறத்தில் துருத்தூள். கையில் தேய்த்தால் ஈரமாக இருந்தது. எத்தனை வருடமாக அந்த ஈரம் அங்கே அடைபட்டுக் கிடந்ததோ!

வெளியே பெயிண்டில் ஒரு சொட்டு அசிட்டோன் விழுந்தாலும் போயிற்று. உன் டேங்கில் இருப்பது கையால் இழுத்த பொன்னிறக் கோடு. பாலிதீனைச் சுற்றி, வாயோரம் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பி. பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. வடித்த அசிட்டோனைச் சாக்கடையில் ஊற்றாதே.

பூச்சு போன பிறகுதான் துரு. டேங்குக்குள் சிறிது தண்ணீரோடு ஒரு துண்டு இரும்புச் சங்கிலியைப் போட்டு நன்றாகக் குலுக்கு. சிலர் நட்டுகளைப் போடுவார்கள். அவை மூலையில் சிக்கிக்கொண்டால் எடுக்க முடியாது. சங்கிலியை ஒரு நுனி பிடித்து இழுத்துவிடலாம். பிறகு வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்று. லிட்டருக்கு 60, 70 கிராம் போதும். பாதியோடு நிறுத்தாமல் வாய்வரை நிரப்பு. பெட்ரோல் படாமல் காற்று மட்டும் படும் மேல்தகட்டில்தான் துரு அதிகம் பிடிக்கும். ஓர் இரவு விட்டுப் பார். போதவில்லை என்றால் புதிதாகக் கரைத்து ஊற்று. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை யார் சொன்னாலும் ஊற்றாதே. அது துருவோடு நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

வடித்தவுடன் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசு, பிறகு நல்ல தண்ணீர். இந்த இடத்தில் தாமதிக்கக் கூடாது. சுத்தமான இரும்பு நனைந்திருந்தால் நிமிடங்களில் மஞ்சள் பூக்கும். அசிட்டோன் வாசனை துளியும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹேர் டிரையரால் சூடான காற்றை விட்டு உலர்த்து. உலர்ந்த கையோடு டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஊற்றும் டூ டி ஆயில் கொஞ்சத்தைப் பெட்ரோலில் கலந்து ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டு.

இத்தனையும் செய்தபின் அடியில் ஊசித்துளை தெரியலாம். தெரிந்தால் நல்லது, பழைய பூச்சு அதைத்தான் மறைத்துக்கொண்டிருந்தது. பித்தளைப் பற்றவைப்பு தெரிந்த நல்ல டிங்கரிடம் கொண்டுபோ. பற்றவைக்கும் இடத்தை மட்டும் மேலே விட்டு, மற்றதெல்லாம் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும். கழுவிய டேங்கிலும் பெட்ரோல் ஆவி ஒளிந்திருக்கும். வெடித்தால் ஆளையே கொன்றுவிடும்.

மறுபடி பூச்சு வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. டேங்கை எப்போதும் நிறைத்தே வை. உள்ளே காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் ஈரம் சேராது. உன் டேங்கில் இடப்பக்கம் மட்டும்தான் காக் இருக்கிறது என்றால், வலப்பக்கத்து அடியில் தண்ணீர் தங்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கவிழ்த்து வடித்துவிடு.

அசிட்டோன் சோதனையைச் செய்தவுடன் எழுது. எபாக்ஸி என்றால் நீ தனியாகத் தொடாதே, நானே கிளம்பி வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அன்பு நண்பன்