மருந்தடிக்கும் முன்னால் ஒரு பார்வை

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறிவேப்பிலையில் உட்கார்ந்திருப்பது வீட்டு ஈ இல்லை. இலை தின்னும் புழுக்களின் மேல் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் ஒட்டுண்ணி ஈ மாதிரித்தான் தெரிகிறது. யார் சொன்னாலும் அவசரப்பட்டு மருந்து அடித்துவிடாதே.

இதன் உறவுக்காரியான, பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈயோடு நம் பட்டுப்புழு மனையில் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவள் நான். 1980-ல் வங்காளத்திலிருந்து கர்நாடகத்துக்குள் வந்து பரவிய பூச்சி அது. அதற்குப் பயந்துதானே ஜன்னலுக்கெல்லாம் நைலான் வலை கட்டினோம்! அங்கே அது எதிரி. உன் மாடித் தோட்டத்திலோ இந்த வகை ஈ கூலி கேட்காத காவல்காரி.

முதலில் இறக்கையை எண்ணு. இரண்டு என்றால் ஈ, நான்கு என்றால் குளவி இனம். முதுகில் மூன்று கருங்கோடும் வயிற்றில் கட்டம் கட்டமாகவும் இருந்தால் பெரும்பாலும் அழுகலுக்கு வரும் இறைச்சி ஈ. ஊசி ஈக்கு நான்கு கோடு. வயிற்றின் நுனியில் விறைத்த கருமுடி, துடைப்பக் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் முதுகு முடிகிற மேட்டுக்குக் கீழே இன்னொரு சின்ன மேடு தெரியும். எனக்கு அதுதான் நம்பகமான அடையாளம்.

ஈ கிடைக்காவிட்டால் புழுவைப் பார். தோலோடு ஒட்டி ரவையளவில் வெள்ளை முட்டை இருக்கும். பொரிந்த குட்டிப்புழு உள்ளே துளைத்துப் போன இடம் கரும்புள்ளியாகிவிடும்; அந்த ஓட்டை வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. முட்டை பொரிவதற்குள் புழு தோலுரித்துவிட்டால், சட்டையோடு முட்டையும் கழன்றுபோகும், புழு தப்பித்துக்கொள்ளும். அதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது. பஞ்சுக்கூடுகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது குளவியின் வேலை.

பாப்பா பாட்டிலில் வளர்க்கிற எலுமிச்சைப் பட்டாம்பூச்சிப் புழுவிலிருந்தும் ஒருநாள் ஈப்புழு வெளியே வரலாம். அழுவாள். மறைக்காமல் காட்டு. அடியில் கொஞ்சம் மண் போட்டு வை. ஈப்புழு மண்ணுக்குள் புகுந்து செம்பழுப்பு உருளையாகக் கூட்டுப்புழு ஆகும். பாட்டில் வாயைத் துணியால் கட்டிவிட்டால், ஈ வெளிவருவதை அவளே பார்க்கலாம்.

வளர்ந்த ஈக்குப் பூந்தேன்தான் சாப்பாடு. ஒரு தொட்டிக் கொத்தமல்லியையாவது பறிக்காமல் பூக்க விடு. அடுத்த படத்தைப் பக்கவாட்டில், வெயில் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா